கட்டை ஒன்பது

எனக்குத் தூசி ஆகாது. பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினாலே பத்துத் தும்மல் வரும். அதனால்தான் மேடம், அந்த அறுபத்தோரு நோட்டுகளையும் துரையண்ணன் படிக்க, நான் நாலடி தள்ளி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். அந்த வேலைக்கு எதற்கு இரண்டு பேர் என்று நேற்று விசாரணையில் கேட்டீர்கள். காரணம் இவ்வளவுதான். மற்றதையும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருடமாக டேட்டாவோடு குடித்தனம் நடத்துகிறவன், எனக்கு முன்னும் பின்னுமாகப் பேச வராது.

எங்கள் யார்டு மணலி புதுநகரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர்களை இறக்கி, அடுக்கி, திருப்பி அனுப்பும் இடம். யார்டில் யாரும் கன்டெய்னர் என்று சொல்வதில்லை, பெட்டி என்பார்கள். பெட்டி தூக்கும் வண்டிகள் நான்கு. ஒவ்வொன்றும் எழுபது டன் கனம்.

நான் சேர்வதற்கு முந்தைய வருடம் ஏதோ ஒரு கம்பெனி வந்து, மேனேஜர் மேத்யூ சாரின் அறையில் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு திரையை மாட்டிவிட்டு, இனி யார்டு முழுக்க இதில் தெரியும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தது. உள்ளே ஏதாவது இருந்தால்தானே தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அதில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பிசினஸ் இன்டெலிஜென்ஸ் என்று வாய் நிறையப் பெயர் வைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை அடியில் செய்ய வேண்டிய வேலையை யாரும் செய்வதில்லை. எது எங்கே எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார்கள், எதை எழுதாமல் விடுகிறார்கள் என்று பார்க்க ஒருவன் வெயிலில் நடக்க வேண்டும். நான் நடந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

ரிப்பேர் ஷெட்டில் பராமரிப்புப் பதிவேடு ஒன்று இருந்தது. மூன்று வருடமாக எல்லாப் பக்கத்திலும் 'பிரேக் சரி' என்று ஒரே கையெழுத்து. அது எதற்கும் ஆகாது. வண்டிகளின் சீட்டுக்குப் பின்னால் நூலில் கட்டித் தொங்கும் நோட்டு ஒன்று இருப்பதை எனக்குக் காட்டியவர் துரையண்ணன். அவர் டிரைவர் இல்லை. வண்டிக்குக் கீழே நின்று வழி காட்டும் கீழாள். ஐம்பத்திரண்டு வயது, எட்டாவது படிப்பு, எம்.கே.பி. நகரில் எங்கள் பிளாக்கிலிருந்து மூன்று பிளாக் தள்ளி வீடு. என் அப்பாவைத் தெரியும் என்பதால் என்னை முதல் நாளிலிருந்தே நைனா என்றுதான் கூப்பிட்டார்.

டிரைவர்கள் அடுத்த ஷிஃப்ட் டிரைவருக்காக அந்த நோட்டில் எழுதிவைப்பார்கள். ஆயில் கறையும் கிறுக்கலுமாக இருக்கும். எழுதித் தீர்ந்த பழைய நோட்டுகளையும் சேர்த்து மூன்று வருடத்துக்கு அறுபத்தொன்று. அதில் அடிக்கடி 'கட்டை 2', 'கட்டை 3' என்று வந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"இது தெர்லியா? தரை கால்வா பக்கம் சரிஞ்சி கீதுல்ல. பிரேக் வழுக்குனா வண்டி பின்னால வரும். அப்ப டயருக்கு கட்ட குடுப்பேன். எத்தினி வாட்டி குடுத்தேன்னு சொன்னா டிரைவரு எழுதிக்குவாரு. அடுத்த ஆளு உஷாரா இருப்பான்."

பிரேக் வழுக்கினால் ஷெட்டுக்கு அனுப்ப வேண்டியதுதானே என்றேன். சிரித்தார். ஷெட்டுக்குப் போனால் வண்டி திரும்பி வரும்வரை அதன் டிரைவரையும் கீழாளையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்களாம். அதனால் யாரும் புகார் எழுதுவதில்லை. கட்டை கொடுத்தே ஓட்டுவார்கள். இப்படிச் செய் என்று யாரும் உத்தரவு போட்டதில்லை, செய்யாதே என்று யாரும் தடுத்ததும் இல்லை. துரையண்ணனின் கட்டை பழைய ரயில் தண்டவாளத்து மரத்தில் அறுத்தது. மஞ்சள் பெயின்ட் அடித்து, குனியாமல் இழுப்பதற்குக் கயிறு கட்டி வைத்திருந்தார். எத்தனை முறை கொடுத்தோம் என்று மறக்காமல் இருக்க அதன் மேலேயே சாக்பீஸால் கோடு போடுவார். இருக்கிற கீழாட்களில் கணக்கு தப்பாதவர் அவர் ஒருவர்தான்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் படிப்பார், நான் ஏற்றுவேன். ஐந்து மாதம் ஆயிற்று. நடுவில் ஒருநாள், "பிசினஸுக்கு மூள வர்றது இருக்கட்டும், நம்ப பிரேக்குக்கு எப்ப நைனா வரும்?" என்றார். திரையில் நம் கணக்கு வந்ததும் முதல் வேலை அதுதான் என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. அந்த மூன்று வருடத்தில் மூன்று முறை பிரேக் முழுதாகப் போயிருக்கிறது. இரண்டு முறை வேலியில் மோதி நின்றது, ஒருமுறை காலிப் பெட்டியில். யாருக்கும் அடியில்லை. மூன்று முறையும் அதற்கு முந்தைய வாரங்களில் கட்டை எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்து, ஒரு ஷிஃப்டுக்கு ஒன்பதைத் தொட்ட நான்கு நாளுக்குள் பிரேக் போயிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான். அறுபத்தோரு நோட்டு ஒரே வாக்கியத்தைச் சொல்கிறது, அதை உலகத்தில் எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்றால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மார்ச்சில் இரண்டாம் நம்பர் வண்டி ஒன்பதைத் தொட்டது. அன்றே மேத்யூ சாருக்கு மெயில் போட்டேன். வண்டியை இரண்டு நாள் நிறுத்தி பிரேக் மாற்றினார்கள். கப்பலுக்குப் போகவேண்டிய பெட்டிகள் தங்கிவிட்டன, ஹெட் ஆபீஸிலிருந்து அவருக்கு நல்ல வசவு. என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை மேடம், கத்தக்கூட இல்லை.

"நீ வண்டி ஃபெயிலாகும்னு சொன்ன. ஆகலியே, தீனா."

"பிரேக் மாத்திட்டோம் சார். அதனாலதான் ஆகல."

"அதான் நீ சொல்ற. மாத்தாட்டியும் ஆயிருக்காதுன்னு நான் சொல்றேன். ரெண்டுல எது சரின்னு எப்படிக் காட்டுவ?"

இன்றைக்கும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். ஆபத்தைச் சொல்லித் தடுத்துவிட்டால், ஆபத்து இருந்தது என்பதற்கு ஆதாரம் போய்விடுகிறது. உறுதியாகத் தெரியாமல் இனி யாருக்கும் மெயில் அனுப்பக்கூடாது என்று சொல்லி, அதை எழுத்திலும் கொடுத்துவிட்டார். ஹெட் ஆபீஸ் ஆகஸ்ட் வரை தவணை கொடுத்தது. அதற்குள் இந்தக் கணக்கு பலிக்கும் என்று ஒரு முறையாவது காட்ட வேண்டும், இல்லாவிட்டால் என் திட்டத்தை இழுத்து மூடிவிடுவார்கள். மூடினால் நோட்டுகள் எடைக்குப் போகும், நான்கு வண்டியும் பழையபடி கட்டையில் ஓடும், வருடத்துக்கு ஒன்று மோதும், எப்போதாவது ஒரு ஆள் நடுவில் மாட்டுவான். அந்தப் பக்கம் போனாலும் சுவர், இந்தப் பக்கம் போனாலும் சுவர். நான் தூங்காமல் இருந்தது உண்மை. என் மனைவி எழில்மொழியைக் கேட்டுப் பாருங்கள், எட்டுக் கிலோ இளைத்தேன்.

ஜூலையில் நாலாம் நம்பர் ஏற ஆரம்பித்தது. ஐந்து, ஆறு, எட்டு. அந்த வாரம் அதன் கீழாள் துரையண்ணன். வியாழக்கிழமை ஒன்பது.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற மெயில் அன்று மாலை நாலரைக்கு எழுதியது. 'நாலாம் நம்பர். நான்கு நாளுக்குள் பிரேக் முழுதாகப் போகும்.' அவ்வளவுதான் அதில் இருந்தது. அதை எனக்கு நானே அனுப்பிக்கொண்டேன். நேரமும் தேதியும் அதில் பதிவாகிவிடும், பின்னால் யாரும் மறுக்க முடியாது. மற்றவருக்கு அனுப்பக்கூடாது என்பது எழுத்தில் இருந்த உத்தரவு. அதை மீறி அனுப்பியிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாவிட்டால் மார்ச் மாதக் கதைதான் மறுபடியும்.

வேலி உடையும் என்று நினைத்தேன். மூன்றில் இரண்டு முறை வேலிதான் உடைந்திருக்கிறது.

சனிக்கிழமை கேட்டுக்கு எதிரே டீக்கடையில் துரையண்ணன் இருந்தார். வலது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார்.

"இன்னிக்கு பதினோரு வாட்டி நைனா. கை கயண்டு பூச்சி. ரொம்ப பேஜாரா கீது."

"ஷெட்டுக்கு அனுப்பச் சொல்லலாம்ல, துரைண்ணா?"

"டிரைவரு அவன் பொண்ணு நவ்ரீனுக்கு பீஸ் கட்டணும்ன்றான். பொண்ணு நல்லா படிக்கிது. ஒரு வாரம் ஓட்டிக்கலாம்ன்றான், நான் இன்னா சொல்றது? உன் டிவி வந்துட்டா நம்ப யாரும் வாய தொறக்கத் தேவயில்ல. அது சொல்லிடும்ல?"

சொல்லும் என்றேன். அவருக்கு ஒரு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். மெயிலைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவர் வேலைக்கு வந்திருப்பார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அவருடைய வாயே அப்படித்தானே சொன்னது.

திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு பிரேக் போனது. நான் ஜன்னல் பக்கத்தில் நின்றிருந்தேன். வண்டி இருபத்திரண்டு டன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சரிவில் நின்றது. துரையண்ணன் கட்டையை வைத்தார். வண்டி கட்டையைத் தள்ளிக்கொண்டே பின்னால் வந்தது. அவர் கயிற்றை விட்டிருக்கலாம். இழுத்துப் பார்த்தார். டிரைவர் கத்தியது மேலே என் அறைக்கே கேட்டது. நான் உடனே கீழே ஓடினேன், ஆம்புலன்ஸுக்கு போன் போட்டதும் நான்தான். அதுவும் உங்கள் ஃபைலில் இருக்கும். அவர் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஹெட் ஆபீஸிலிருந்து ஜானட் மேடம் வந்தார். நான் மெயிலைக் காட்டினேன். இரண்டு முறை படித்தார். பிறகு, "இதை நாங்க முன்னாடியே நம்பியிருக்கணும்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது ஏன் எனக்கு மட்டும் போயிருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. மேத்யூ சார் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அனுப்பாதே என்று சொன்னவர் அவர், அவர் எப்படிக் கேட்பார்? அந்த மாதமே திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. இப்போது மூன்று யார்டிலும் திரை இருக்கிறது. கட்டை ஆறைத் தொட்டாலே சிவப்பு எரியும், யாரையும் கேட்காமல் வண்டியை நிறுத்திவிடுவார்கள், ஷெட்டில் இருக்கிற நாட்களுக்கும் ஆட்களுக்குச் சம்பளம் உண்டு. பதினான்கு மாதமாக ஒரு வேலிகூட உடையவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். துரையண்ணனின் மனைவி பட்டம்மாள் அக்கா எனக்கு நாற்காலி போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"உன்ன பத்திதான் பேசிகினே இருப்பாரு நைனா. நான் படிக்கிறது கம்ப்யூட்டர்ல ஏறுதுடின்னு வூட்டுக்கு வந்து சொல்லுவாரு. அந்த டிவில அவரு பேரு வருமா?"

பெயர் வராது அக்கா, எண்கள் மட்டும்தான் வரும் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். எனக்கு அங்கிருந்து எப்போது எழுந்து போவோம் என்றிருந்தது. ஆனாலும் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

நீங்கள் கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. டியூட்டி எழுதுகிற சில்வியாவை நீங்கள் இன்னும் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அவரே சொல்லிவிடுவார். கீழாட்கள் வாரத்துக்கு ஒரு வண்டி மாறுவார்கள். அந்தத் திங்கட்கிழமை துரையண்ணன் ஒன்றாம் நம்பருக்குப் போக வேண்டியவர். நாலாம் நம்பருக்குச் சிலுவைமுத்து வர வேண்டும். சனிக்கிழமை டீக்கடையிலிருந்து திரும்பி வந்ததும் நான்தான் சில்வியாவிடம் போய், துரையண்ணனை இன்னும் ஒரு வாரம் அங்கேயே விடச் சொன்னேன். துரையண்ணன் சுறுசுறுப்பான ஆள், ஏதாவது நடந்தால் எகிறிக் குதித்துவிடுவார், சிலுவைமுத்துவுக்கு முட்டிவலி, அவரால் முடியாது. அந்த எண்ணத்தில்தான் மாற்றினேன் என்று ஒரு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எழில்மொழியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

சிலுவைமுத்துவிடம் இன்று எத்தனை கட்டை என்று கேட்டால், "ஏதோ நாலஞ்சு இருக்கும்" என்பார். கடைசி நாள் எண்ணிக்கை எனக்குச் சரியாக வேண்டியிருந்தது.