எத்தனை விரல்

பட்டாணியை நீங்கள் இன்னமும் ஒதுக்கித்தான் வைக்கிறீர்கள், டிராவிஸ். உங்கள் போலீஸ் ஸ்டேஷன் மேஜைமேல் இருக்கும் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் வகுப்பிலும் இதே வழக்கம்தான் உங்களுக்கு. முப்பத்தோரு வருடம் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு பரிமாறியவள் நான். எந்தப் பிள்ளை எதை ஒதுக்கும், எது பக்கத்துத் தட்டில் கை வைக்கும் என்று எல்லாம் தெரியும். என் கண் அப்படி. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ரெக்கார்டரைப் போட்டுவிட்டீர்கள் அல்லவா? வக்கீல் வேண்டாம். அந்த மனிதர் ஐந்து வாரமாக என் வாயைக் கட்டிப் போட்டிருக்கிறார், அது போதும்.

லைல் நல்ல மனிதர். அதை நான் மறுக்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். சர்ச்சில் நடந்த மீன் விருந்தில் என் தங்கை ரோண்டாவைப் பார்த்தார். ஆறே மாதத்தில் கல்யாணம் வரைக்கும் வந்துவிட்டது. அர்கன்சா மாநிலத்தில் ஏரிக்கரையில் அவருக்கு ஒரு வீடு. அங்கே கூட்டிப் போகப் போகிறார் என்றார்கள்.

ரோண்டாவுக்கு ஐம்பத்தேழு வயது. அம்மா செத்தபோது அவளுக்கு ஒன்பது, எனக்குப் பதினாறு. அன்றையிலிருந்து அவளுக்குத் தலை பின்னி, சோறு போட்டு, காய்ச்சலுக்குக் கண் விழித்தவள் நான். நானும் யாரையாவது கட்டிக்கொண்டு போயிருக்கலாம், கேட்டவர்கள் இருந்தார்கள். போகவில்லை. நாங்கள் இருவரும் வேறு வேறு வீட்டில் ஒரு வாரம்கூட இருந்ததில்லை.

என் பிறந்தநாளுக்கு லைல் ஒரு கவர் கொடுத்தார். உள்ளே எங்கள் மூன்று பேர் பெயரிலும் சீட்டு. சனி, ஞாயிறு இரண்டு நாள், தற்காப்புக்குக் கைத்துப்பாக்கிப் பயிற்சி.

"நாங்க போன பிறகு இந்த வீட்ல தனியா இருப்பீங்க வெர்னா. ஊர்க்கோடி வீடு, கூப்பிட்டா ஓடிவர ஆள் கிடையாது. எனக்கு மனசு கேக்கல" என்றார்.

"இவளுக்கு எதுக்குத் துப்பாக்கி? இவ முறைச்சாலே திருடன் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடுவான்" என்றாள் ரோண்டா.

எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன். ஆனால் "நாங்க போன பிறகு" என்று சொன்னாரே, அதை உருளைக்கிழங்கு மசியலை என் பக்கம் தள்ளிக்கொண்டே சொன்னார். நாற்பத்தெட்டு வருடத்தைத் தூக்கிக் குப்பையில் போடுகிற பேச்சு அது.

பயிற்சி எனக்குப் பிடித்திருந்தது. ஊருக்கு வெளியே சரளைக்கல் தரை, எதிரே மண்மேடு, அதன் முன்னால் காகித மனிதர்கள். நாங்கள் எட்டுப் பேர். கற்றுக்கொடுத்தவர் ஹாஸ்கின்ஸ், முன்பு போலீசில் இருந்தவர். சுடுவதென்று முடிவெடுக்கும்வரை விசையில் விரல் போகக்கூடாது, முதலில் "நில்லு, கையைக் காட்டு" என்று சத்தம் போட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். எல்லாம் முடிந்ததும் எமர்ஜென்சி எண்ணுக்குப் போன் செய்து என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லிக்கொடுத்தார். பெயர், விலாசம், ஆம்புலன்ஸ் தேவை, உயிருக்குப் பயந்து சுட்டேன். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசக்கூடாது.

அவருடைய வழக்கம் ஒன்று இருந்தது. சுட்டு முடித்ததும் துப்பாக்கியைத் தாழ்த்தி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்க்கச் சொல்வார், வேறு ஆபத்து இருக்கிறதா என்று. அப்போது சத்தமில்லாமல் நம் பின்னால் வந்து நின்று விரலைக் காட்டுவார். எத்தனை என்று கேட்பார். பலருக்கும் தெரியாது. தலை திரும்பும், கண் பார்க்காது.

"கழுத்துக்கு எக்சர்சைஸா பண்றீங்க? பாருங்கப்பா, கண்ணு எதுக்கு இருக்கு?" என்று கத்துவார்.

ரோண்டா ஒரு தடவைகூடச் சரியாகச் சொல்லவில்லை. லைல் இரண்டு தடவை தப்புவிட்டார். நான் மட்டும் இரண்டு நாளும் ஒரு விரல்கூடத் தவறவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹாஸ்கின்ஸ் எல்லோர் முன்னாலும் என் தோளைத் தட்டி, "இந்த அம்மா கண்ணுக்கு முன்னாடி உங்க கண்ணெல்லாம் வெறும் கண்ணாடிக் கோலி" என்றார். முப்பத்தோரு வருட வேலையில் எனக்கு அப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

வீட்டுப் பாடமும் உண்டு. தினம் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியை வைத்துப் பழக வேண்டும், தோட்டா வேறு அறையில் இருக்க வேண்டும். எங்கள் வீட்டு நடைவழியில் நின்று, பயிற்சிக்கென்று வாங்கிய துப்பாக்கியோடு நான் தவறாமல் செய்தேன். லைல் சாப்பிட வரும்போது பெரும்பாலும் அந்தச் சமயமாக இருக்கும். பின்வாசல் சாவியை ரோண்டா அவருக்குக் கொடுத்திருந்தாள். உள்ளே வந்ததும் அந்த விளையாட்டு தொடங்கும். நான் "நில்லு, கையைக் காட்டு" என்பேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, ஒரு கையில் விரலைக் காட்டி, "எத்தனை வெர்னா?" என்பார். நான் சொல்வேன். "பாஸ். இப்ப சாப்பாடு கிடைக்குமா, இல்ல சுட்டுடுவீங்களா?" என்பார். அடுப்படியிலிருந்து ரோண்டா சிரிப்பாள்.

ஆயுதம் வைத்திருப்பவரோடு அப்படி விளையாடக்கூடாது என்று ஹாஸ்கின்ஸ் தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். காலியானது என்று தெரிந்தாலும் மனிதரை நோக்கிப் பிடிக்கக்கூடாது என்பதும் அவர் பாடம்தான். லைலுக்கு அது தெரியும். ஆனாலும் என்னைச் சிரிக்க வைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. நல்ல மனிதர் என்று சொன்னேனே.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரோண்டாவுக்குச் சர்ச் பெண்கள் பிரிவு விருந்து வைத்தார்கள். லைல் நாலு மணிக்கு வந்து அம்மாவின் தேவதாரு மரப்பெட்டியை வண்டியில் ஏற்றுவதாக ஏற்பாடு. காலையில் சர்ச் வாசலில் வண்டிகள் நிற்கிற இடத்தில் அவரைத் தனியாகப் பிடித்தேன். "ரெண்டு மணிக்கே வந்துடுங்க லைல், நான் வீட்ல இருப்பேன். அவகிட்ட சொல்ல வேண்டாம், அவ வர்றதுக்குள்ள ஏத்திட்டா சந்தோஷப்படுவா" என்றேன். "ரகசியம் நம்மளோட" என்றார். போனில் சொன்னால் பதிவாகும் என்று எனக்குத் தெரியும்.

மற்றதெல்லாம் நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். நாலு மணிக்கு வர வேண்டியவர் இரண்டு மணிக்கு வந்தார், தனியாக இருந்த அறுபத்துநாலு வயதுப் பெண் கதவுச் சத்தம் கேட்டு மிரண்டாள், பின்னால் வெயில், தொப்பி போட்ட ஆள், முகம் தெரியவில்லை, பயத்தில் சுட்டுவிட்டாள். ஹாஸ்கின்ஸ் வந்து நல்ல மனதோடு வாக்குமூலம் கொடுத்தார். பயம் வந்தால் பார்வை சுருங்கிவிடும், தன்னுடைய மிகச் சிறந்த மாணவியால்கூட அந்த நிலையில் ஆளை அடையாளம் கண்டிருக்க முடியாது என்று. அரசு வழக்கறிஞர் வழக்குப் போடுவதில்லை என்று முடிவு செய்தார். எல்லோரும் துக்க வீட்டுச் சாப்பாடாக எனக்குக் கேசரோல் செய்துகொண்டு வந்தார்கள். ஒன்பது பாத்திரம் இன்னும் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ரோண்டா என்னோடு வீட்டில் இருந்தாள். அழுதாள், நான் சூப் வைத்துக் கொடுத்தேன், குடித்தாள். ஐந்து வாரம் நன்றாகத்தான் போயிற்று.

நேற்று மத்தியானம் அவள் துணிப்பெட்டியோடு வந்து நின்றாள். லைலின் மகள் வரச் சொல்லியிருக்கிறாளாம். ஏரிக்கரை வீட்டில் இருக்கலாம், அப்பாவின் நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றாளாம்.

"நாயைப் பாத்துக்கவா போற?" என்றேன்.

"அவரோட வீடு வெர்னா. அங்க இருந்தா அவரோட இருக்கற மாதிரி இருக்கும்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உன்மேல எனக்குக் கோபமே இல்ல, சத்தியமா. நீ பாவம். பயந்துட்ட. வயசாகுதுல்ல, கண்ணுக்குத் தெரியல, நீ என்ன பண்ணுவ?"

பாவம் என்றாள், டிராவிஸ். நான் வளர்த்த பிள்ளை என்னைப் பார்த்துச் சொல்கிறாள். நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள். இரவெல்லாம் யோசித்தேன். அவள் என்னை வெறுத்துவிட்டுப் போயிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். கண் தெரியாத பயந்தாங்கொள்ளிக் கிழவி என்று இரக்கப்பட்டுவிட்டுப் போக நான் விடமாட்டேன். இதை எழுதி முடித்ததும் அவளுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். விலாசம் தருகிறேன்.

அதனால் ஹாஸ்கின்ஸ் சொன்னதைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் பயப்படவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தோட்டாவை நானேதான் போட்டேன், எட்டு. நடைவழியில் முகம் நன்றாகத் தெரிந்தது, அன்று காலையில் சவரம் செய்ததில் தாடையில் சின்ன வெட்டுக்கூட இருந்தது. "நில்லு, கையைக் காட்டு" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் தூக்கினார். வலது கையில் விரலைக் காட்டி, "எத்தனை வெர்னா?" என்றார்.

"மூணு" என்றேன். சரி என்று தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் சுட்டேன்.