பொம்பிளைப் பக்கச் சாட்சி

குலசிங்கம்: …இஞ்சேரும், சொன்னாச் சொன்னதுதான். இந்த ரொறன்ரோவிலை முதன்முதல் வந்து இறங்கின இங்கிலீசுக்காரன் எங்களுக்குச் சொந்தம்!

சந்திரவதனா: ரோட்டைப் பார்த்துக் காரை ஓட்டுங்கோ. உங்களைக் கட்டின நாள் முதல் இதே புளுகுதான். போன வருசம் ஒன்ராறியோ வாவியிலை ஒரு திமிங்கிலம் உங்களுக்குத் தலையாட்டினது.

குலசிங்கம்: அது வெறும் மீனாய் இருந்திருக்கலாம். இது பேப்பரோடை கிடக்கு. பின் சீற்றிலை பாரும், றொனால்டின்ர வம்சம் முழுக்க எழுதிச் சுருட்டி வைச்சிருக்கிறன். விரிச்சால் மார்க்கம் ரவுண் வரைக்கும் போகும்.

சந்திரவதனா: வடைத் தட்டுக்கு மேலை விரியாட்டிக் காணும்.

குலசிங்கம்: தோமஸ் எண்டு பேர். ஆயிரத்து எழுநூற்றித் தொண்ணூற்றாறு. கப்பலுக்கே கப்டன்…

சந்திரவதனா: முந்தநாள் கப்பல் தச்சன் எண்டியள்.

குலசிங்கம்: தச்சன் இல்லாமல் கப்டன் எங்கை போறது?

சந்திரவதனா: உண்மையைச் சொல்லுங்கோ…

குலசிங்கம்: சரி, தச்சன்.

சந்திரவதனா: முதல் ஆளோ?

குலசிங்கம்: முதல்… ஐம்பது பேருக்குள்ளை.

சந்திரவதனா: இஞ்சாருங்கோ, பகிடி காணும். நாங்கள் போறது றொனால்டின்ர எண்பதாவது பிறந்தநாளுக்கு. அநாதை மடத்திலை வளர்ந்த மனுசன். "என்னை எறிஞ்சிட்டுப் போட்டினம்" எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பார்? அவருக்கு முன்னாலை போய் நீங்கள் புளுகி, பிறகு பொய்யெண்டு தெரிஞ்சால்… தாங்கமாட்டார்.

குலசிங்கம்: புளுகோ? முப்பது வருசம் ஸ்காபரோவிலை ஊராருக்குக் கலியாணம் பேசிக் குடுத்தவன் நான்! ஆரின்ர மோன், தாய் எந்த ஊர்… ரெண்டே கேள்வி. எட்டுத் தலைமுறை எடுப்பன்.

சந்திரவதனா: நாலு.

குலசிங்கம்: ஐஞ்சு. கேளும். அவருக்காகத் தேடின மற்றவையெல்லாம் தகப்பனைத் தேடினவை. தகப்பன் பேர் ஒரு பேப்பரிலையும் இல்லை. நான் தாயைப் பிடிச்சன். ஈடித். அவவின்ர தாயின்ர கலியாணப் பதிவை எடுத்தன். பொம்பிளைப் பக்கம் ஆர் சாட்சிக் கையெழுத்து?

சந்திரவதனா: எனக்கென்ன தெரியும்?

குலசிங்கம்: தாய்மாமன்! யாழ்ப்பாணமெண்டாலும் இங்கிலாந்தெண்டாலும் பொம்பிளைக்குச் சாட்சியா நிக்கிறவன் மாமன்தான். மாமனைப் பிடிச்சு மாமன் வீட்டை போனன். அங்கையிருந்து அடுத்த மாமன். ஐஞ்சு மாமன் ஏறித் தோமஸின்ர வாசலிலை இறங்கினன்.

சந்திரவதனா: உது ஊகம்.

குலசிங்கம்: கல்லறையும் ஊகமோ? எல்லாரும் ஒரே வளவுக்குள்ளை கிடக்கினம். முன்னுக்குத் தோமஸ். கடைசி மூலையிலை ஈடித். அவவின்ர பேருக்குக் கீழை என்ன வெட்டிக்கிடக்கு தெரியுமே?

சந்திரவதனா: சொல்லுங்கோ.

குலசிங்கம்: "றொனால்டின் தாய்." அவ்வளவுதான். பிள்ளையை எறிஞ்சிட்டுப் போனவ கல்லிலை வெட்டுவிப்பாவோ?

சந்திரவதனா: படமெடுத்தனீங்களோ?

குலசிங்கம்: போனிலை சார்ஜ் இல்லை.

சந்திரவதனா: அதுதானே! திமிங்கிலத்துக்கும் சார்ஜ் இல்லை.

குலசிங்கம்: என்ர கண்ணாலை கண்டனானப்பா!

சந்திரவதனா: சரி, "எங்களுக்குச் சொந்தம்" எண்டதாவது புளுகு எண்டு ஒத்துக்கொள்ளுங்கோ.

குலசிங்கம்: மாட்டன். எண்பத்தொன்பது மாசி. சென் ஜேம்ஸ் ரவுணுக்கு நீர் ஒரு சூட்கேசோடை, காலிலை செருப்போடை வந்து இறங்கினீர். எங்கட பில்டிங் சூப்பிரின்டென்ட் ஆர்?

சந்திரவதனா: றொனால்ட். ஒரு அப்பார்ட்மென்ரிலை பதினொரு பேர் கிடந்ததைக் கண்டும் காணாமல் விட்ட புண்ணியவான்.

குலசிங்கம்: பதினேழு பேர்.

சந்திரவதனா: பதினொண்டு. தன்ர கோட்டைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டவர். அதின்ர கை எனக்கு முழங்கால் மட்டும் தொங்கினது…

குலசிங்கம்: சிற்றி ஹோலிலை எங்கட கலியாண எழுத்து. உம்மட பக்கம் ஒரு காக்கா குருவி இல்லை. பொம்பிளைப் பக்கச் சாட்சிக் கையெழுத்து ஆர் வைச்சது?

சந்திரவதனா: …றொனால்ட்.

குலசிங்கம்: அப்ப அவர் உமக்கு என்ன முறை?

சந்திரவதனா: பச்சை லைற் விழுந்திட்டுது, காரை எடுங்கோ.

குலசிங்கம்: முறையைச் சொல்லும், எடுக்கிறன்.

சந்திரவதனா: பின்னாலை ஹோர்ன் அடிக்கிறாங்கள்!

குலசிங்கம்: அடிக்கட்டும். இருநூறு கார் நிக்குது, எல்லாரும் கேக்கட்டும்.

சந்திரவதனா: ரெண்டு கார்… ஐயோ, சரி, காரை எடுங்கோ, சொல்லுறன். செவ்வாய்க்கிழமை பல்லு டொக்டரிட்டை எண்டு போனனான் எல்லே? என்ர பல்லுக்கு ஒண்டுமில்லை. உங்கட பொய்யைப் பிடிக்க, அந்தச் சுருட்டின பேப்பரிலை விலாசம் பார்த்து, ரெண்டு பஸ் மாறி அந்தக் கல்லறைக்குப் போனனான். மூலைக் கல்லிலை பாசி. சேலைத் தலைப்பாலை துடைச்சன்… நீங்கள் சொன்னபடி ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல் கிடக்கு. கொஞ்ச நேரம் அதிலையே இருந்திட்டன். படம் என்ர போனிலை இருக்கு. முதலே சொல்லியிருந்தால், உங்கட வாயிலை அந்தக் கல்லு மாளிகையாகியிருக்கும். பிறகு வெளியிலை வந்து பூ வாங்கிக்கொண்டு திரும்பவும் போனன். கார்டிலை ஆரெண்டு போட எண்டு கடைப் பெட்டை கேட்டவள்… "றொனால்டின்ர மருமோள்" எண்டு போடச் சொன்னன்.