வீடு பூட்டியிருந்தது

— போஸ்ட்ல சிக்னல் பிளஸ் ஏழு காட்டுது மாமி. உங்க வாசல் சுவருக்கு வந்தா பூஜ்யம், அதுவும் ஓகே. மோடத்துக்கிட்ட மைனஸ் இருபத்தெட்டு. இந்தப் பத்தடிக்குள்ள சிக்னல் எங்க போகுதுன்னுதான் தெரியல.

— எனக்கென்ன தெரியும் தைரியராஜ்? லைட்டு மின்னிண்டே இருக்கு, நிக்க மாட்டேங்கறது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

— கனெக்டர் ரெண்டும் மாத்தினேன். ஸ்பிளிட்டர் மாத்தினேன். போன வாரம் மோடமே புதுசு வச்சேன். ஆறு தடவை வந்துட்டேன் மாமி இந்த வீட்டுக்கு.

— இன்னியோட ஏழு. நான் எண்ணிண்டு வரேன்.

— லைன் வர்ற வழியே சரியில்ல. உத்தரை வீதி வீட்டுக்கு எதுக்கு சித்திரை வீதி போஸ்ட்லேருந்து இழுத்திருக்காங்க? நாலு மொட்டை மாடி தாண்டி வருது.

— உங்க லைன்மேன் பாலு இழுத்தது. முன்னாடி அந்த வீதியில, எங்க சொந்த ஆத்துல இருந்தோம். இங்க வரச்சே கனெக்‌ஷன் மாத்தணும்னா அப்ளிகேஷன் குடு, பத்து நாள் ஆகும்னா. பாலு ஒரே சாயங்காலத்துல இழுத்துக் குடுத்துட்டான்.

— ஆபீஸ்ல சொல்லாமயா?

— எதுக்குச் சொல்லணும்? நெட் வந்தது. போறாதா?

— பாலு அண்ணன் வேலைன்னா அப்படித்தான். சரி, இன்னிக்கு இதை முடிச்சாகணும் மாமி. ஒரே வீட்டுலேருந்து ஒரே மாசத்துல ஏழு கம்ப்ளைன்ட்டுன்னா என் ஐடியைக் கட் பண்ணி வேலையை விட்டே தூக்கிடுவாங்க. முடிச்சுட்டு ஓடிபி கேட்பேன், மெஸேஜ்ல வர்ற நாலு நம்பர். அதை மட்டும் குடுத்துடுங்க.

— முதல்ல சரி பண்ணு. அப்புறம் நம்பர்.

— அந்த அலமாரியைக் கொஞ்சம் நகர்த்திக்கட்டுமா?

— பெருமாள் இருக்கார் அதுல. தொடப்படாது.

— தொடல. பின்னாடி கையை விட்டு ஒயரைத் தடவிப் பாக்கறேன், அவ்வளவுதான். இந்த இடம் ஒண்ணுதான் நான் பாக்கவே இல்ல.

— பாரு. நன்னா பாரு.

— மாமி.

— என்ன?

— இது என்ன மாமி?

— குண்டூசி.

— குண்டூசிதான், தெரியுது. ஒயருக்குள்ள இருக்கு. நடுக் கம்பி வரைக்கும் இறங்கியிருக்கு. தானா போய்க் குத்திக்கிச்சா?

— தலையை நறுக்கிட்டுக் குத்தியிருந்தா உன் விரலுக்கு அகப்பட்டிருக்காது. அதை நறுக்க எனக்குக் கண் சரியாத் தெரியல.

— நீங்களா குத்தினீங்க?

— நீ ஒண்ணொண்ணா மாத்திண்டிருக்கச்சே உருவிடுவேன். லைட்டு நிக்கும், நீயும் சந்தோஷமாப் போவே. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி குத்துவேன். இன்னிக்கு நீ பாக்கணும்னு தோணித்து. அப்படியே விட்டுட்டேன்.

— யார் மாமி சொல்லிக் குடுத்தது உங்களுக்கு இதெல்லாம்?

— நீதான். ரெண்டாவது தடவை வந்தப்போ, அந்த நாற்காலியில உட்கார்ந்து காபி குடிச்சிண்டே சொன்னே. ஆகாத வீட்டு ஒயர்ல ஒரு ஊசி குத்தினாப் போதும் மாமி, ஊரே தேடினாலும் கிடைக்காதுன்னே. ஐடி கட் ஆகற கதையும் நீ சொன்னதுதான்.

— பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத வீடாச்சேன்னு சொன்னேன். வாயைக் குடுத்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். நான் என்ன பண்ணேன் உங்களை?

— மார்ச் பதினொண்ணு.

— என்ன மார்ச் பதினொண்ணு?

— ஞாபகம் இல்லையோன்னோ. இருக்காது. உனக்கு அது ஒரு வீடு.

— ஒரு நாளைக்குப் பதினஞ்சு வீடு ஏறி இறங்கறேன் மாமி. எந்த வீட்டை ஞாபகம் வச்சுக்கறது? சொல்லுங்க.

— என் பிள்ளை வரது அன்னிக்கு கனடாவுல ஆஸ்பத்திரியில இருந்தான். தொண்டையில குழாய். பேச முடியாது. ஆபரேஷனுக்கு உள்ள போறதுக்குள்ள அம்மா மூஞ்சியைப் பாக்கணும்னு காகிதத்துல எழுதிக் காட்டினானாம். நம்ம ஊர் நாலு மணிக்கு வீடியோவுல காட்டறேன்னு நர்ஸ் சொன்னா. என்கிட்ட இருக்கறது பட்டன் போன். டேப்லெட்டு ஒண்ணுதான், அதுக்கு நெட் வேணும். காலம்பற ஏழு மணிக்கு நெட் போயிடுத்து.

— பக்கத்து வீட்டுல போய்ப் பேசியிருக்கலாமே.

— நாலு எட்டுதான். போகல. நான் அந்தண்டை போற நேரத்துல ஆள் வந்து, பூட்டியிருக்குன்னு திரும்பிடப் போறானேன்னு பயம். குளிக்கல. தளிகை பண்ணல. வாசல்ல உட்கார்ந்துண்டு கஸ்டமர் கேருக்கு அடிச்சபடி இருந்தேன், போனைக் கீழ வைக்கல. பதினொண்ணு நாப்பதுக்கு மெஸேஜ் வந்தது. வீடு பூட்டியிருந்தது, புகார் முடிக்கப்பட்டது, டெக்னீஷியன் தைரியராஜ்.

— மாமி...

— மறுபடி புகார் குடுத்தேன். நாலு மணிக்குள்ள வேற ஆள் வரும்னா. மறுபடி உட்கார்ந்தேன். நாலே காலுக்குப் பக்கத்தாத்துக்கு ஓடினேன். அதுக்குள்ள அவனை உள்ள கொண்டுபோயிட்டா. உயிரோட வெளிய வரல.

— எனக்குத் தெரியாது மாமி. மாதா மேல சத்தியமா எனக்குத் தெரியாது.

— உனக்கு எப்படித் தெரியும்? நீதான் வரவே இல்லையே. எங்கயோ டீக்கடையில நின்னுண்டு பட்டனை அமுக்கினே. உன் பேரை எழுதி வச்சுண்டேன். போன மாசம் ஆபீஸுக்கு நேர்ல போனேன். தைரியராஜ்னு ஒரு நல்ல பையன் இருக்கானாம், எது ரிப்பேர்னாலும் அவனையே அனுப்புங்கோன்னேன். ஃபாரம் நீட்டினா. நீ வாசல் தவறி வேற எங்கயும் போயிடப்படாதுன்னு இந்த ஆத்து விலாசத்தைக் கொட்டை எழுத்துல எழுதிக் குடுத்தேன்.

— இருங்க, போன் வருது. எங்க சூப்பர்வைசர். சொல்லுங்க டோரதி மேடம். ஆமா, இங்கதான் இருக்கேன், ஸ்ரீரங்கத்துல. ஃபால்ட் கிடைச்சிருச்சு மேடம், இப்ப முடிச்சு... என்ன லெட்டர்? எப்ப வந்துச்சு? நானா? நான் அப்படி எதுவும் பேசல மேடம். இன்னியிலேருந்தா? மேடம், ஒரு நிமிஷம் நான் சொல்றதை... மேடம்.

— வச்சுட்டாளா?

— லெட்டர் வேற எழுதினீங்களா.

— ரெண்டு பக்கம். மரியாதை இல்லாம பேசறான்னு எழுதினேன். அது பொய். மத்ததெல்லாம் நிஜம்.

— பதினோரு வருஷம் மாமி. மழையில போஸ்ட் ஏறியிருக்கேன். ஷாக் அடிச்சு விழுந்து புத்தூர் ஆஸ்பத்திரியில இருபது நாள் கிடந்தேன். எனக்கு வேற வேலை தெரியாது. சந்தோஷமா உங்களுக்கு?

— சந்தோஷம்னு இல்ல. இன்னிக்குத் தூக்கம் வரும்.

— நல்லாத் தூங்குங்க. ஊசியை உருவிட்டேன். லைட்டு நின்னுடுச்சு பாருங்க. ஒயரை இந்த இடத்துல வெட்டிப் போடணும், இல்லாட்டி ஈரம் இறங்கும். அடுத்து வர்றவன்கிட்ட சொல்லுங்க.

— ஓடிபி வேண்டாமா?

— ஐடியே இல்லாதவனுக்கு எதுக்கு? ஆனா ஒண்ணு, வத்ஸலா மாமி. டீக்கடையில நின்னு அமுக்கினேன்னு சொன்னீங்க பாருங்க, அதை விட்டுட்டுப் போக மாட்டேன். வீடு பூட்டியிருக்குன்னு எழுதினா, பூட்டின கதவை போட்டோ எடுத்து ஏத்தணும். போட்டோ இல்லாம ஆப்ல கம்ப்ளைன்ட்டை மூட முடியாது. எடுத்ததெல்லாம் இந்த போன்லதான் கிடக்கு. மார்ச் எட்டு... ஒன்பது... பதினொண்ணு. இந்தாங்க.

— யாராத்துக் கதவையோ எடுத்திருப்பே. குடு. கண்ணாடி போட்டுக்கறேன்.

— கீழ அட்ரஸும் டைமும் இருக்கு, பதினொண்ணு முப்பத்தாறு. சிஸ்டம் குடுத்த அட்ரஸ்ல நின்னுதான் எடுத்தேன். கதவைப் பாத்ததும் ஞாபகம் வருது, அஞ்சு நிமிஷம் தட்டினேன். உங்க நம்பருக்கு மூணு தடவை அடிச்சேன். மூணு தடவையும் பிஸி.

— இதைப் பெரிசு பண்ணு.

— ரெண்டு விரலால இழுங்க. இப்படி. பச்சைக் கேட்டு, சங்கு சக்கரம் போட்ட கதவு, பித்தளைப் பூட்டு. இந்த வீட்டுக் கதவு இல்லைன்னு எனக்கே இப்பதான் தெரியுது. ஆனா அன்னிக்கு உங்க கனெக்‌ஷனுக்கு இந்தச் சித்திரை வீதி அட்ரஸ்தான் வந்துச்சு. மாமி? ஏன் மாமி உட்கார்ந்துட்டீங்க? தண்ணி வேணுமா?

— இந்தப் பூட்டோட சாவி என் இடுப்புலதான் இருக்கு, தைரியராஜ்.