யார் குடித்த காபி

மனைவி: ...அதுக்கில்லைங்க. உள்ளே கூப்பிடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லியாகணும். கோபப்படக் கூடாது.

டிரைவர்: இப்படி ஆரம்பிச்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்னு தெரிஞ்சே ஆரம்பிக்கறே பாரு.

மனைவி: விளையாடாதீங்க. அந்த ஒட்டு மெஷினை எடுத்துட்டாங்க இல்ல?

டிரைவர்: இப்பதான் பிச்சு எடுத்தாங்க. கூடவே என் நெஞ்சு முடியில பாதியும் போச்சு. அதுல பதிஞ்சதைப் பார்த்துட்டு நர்ஸ் கூப்பிடுவாங்க. துடிப்பு ஒழுங்கா இருந்திருந்தா மறுபடியும் பஸ் ஓட்டலாம். இல்லேன்னா இப்போ மாதிரியே ரிட்டயர் ஆகற வரைக்கும் டெப்போவுல உட்கார்ந்து, போற வண்டியை எல்லாம் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

மனைவி: அதுக்காகத்தான் கேக்கறேன். நீங்க சேர்ந்திருக்கற அந்த ஆராய்ச்சியை இன்னொரு தடவை சொல்லுங்க.

டிரைவர்: எத்தனை தடவைம்மா...

மனைவி: சொல்லுங்களேன்.

டிரைவர்: இதயத்துல மேல் அறை இருக்கே, அது ஒழுங்கா துடிக்காம படபடன்னு நடுங்குது. அதுதான் என் வியாதி. கரண்ட் வச்சு ஒரு தட்டு தட்டி சரி பண்ணினாங்க. நம்ம பழைய டிவியை நீ தட்டுவியே, அந்த மாதிரி.

மனைவி: அது தெரியும். காபி எங்கே வந்துச்சு?

டிரைவர்: இந்த வியாதிக்காரங்க காபியே தொடக் கூடாதுன்னு ரொம்பக் காலமா சொல்லிட்டிருந்தாங்க. இப்போ சில டாக்டருங்க, இது நிஜமா, இல்ல சும்மா சொல்லிட்டே வந்துட்டோமான்னு கேட்டுட்டாங்க. அதனால பாதிப் பேர் தினம் குடிக்கணும், பாதிப் பேர் தொடவே கூடாது. யாருக்கு மறுபடியும் படபடப்பு வருதுன்னு பார்ப்பாங்க. யார் எந்தப் பக்கம்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

மனைவி: உங்களுக்குக் குடிக்கற பக்கம் விழுந்துச்சு.

டிரைவர்: ம்ம்.

மனைவி: என்ன ம்ம்?

டிரைவர்: விழுந்துச்சு, விழுந்துச்சு. நீ விஷயத்துக்கு வா.

மனைவி: தினம் பிளாஸ்க்ல போட்டுக் கொடுத்தேனே... அது காபி இல்ல.

டிரைவர்: பின்னே?

மனைவி: காபிதான். ஆனா காபி இல்ல.

டிரைவர்: நர்ஸ் வர்றதுக்குள்ள ரெண்டுல ஒண்ணைச் சொல்லு.

மனைவி: காஃபினை எடுத்துட்டு ஒரு பொடி விக்கறாங்க. வாசனை இருக்கும், வேகம் இருக்காது. பெரிய கடையில மேல் தட்டுல யாரும் சீண்டாம கிடந்துச்சு. வாங்கிட்டு வந்து நம்ம பழைய டப்பாவுல கொட்டிட்டேன்.

டிரைவர்: எப்போலேருந்து?

மனைவி: முதல் நாள்லேருந்து. அவங்களுக்கு அது ஆராய்ச்சி. எனக்கு இருக்கறது ஒரே புருஷன். சாப்பிட்டு எழுந்தவர் கதவைப் பிடிச்சுட்டு அப்படியே சரிஞ்சதை அவங்களா பார்த்தாங்க... ஏன் சிரிக்கறீங்க?

டிரைவர்: சிரிக்கல. இல்ல... அதான் அந்தக் கண்டக்டர்...

மனைவி: எந்தக் கண்டக்டர்?

டிரைவர்: யாரும் இல்ல. இரு. நம்ம வீட்டுல இருக்கறது ஒரே டப்பா. அப்போ நீ எதைக் குடிச்சே?

மனைவி: அதையேதான். ரெண்டு டப்பா வச்சா கண்டுபிடிச்சுடுவீங்களே.

டிரைவர்: இத்தனை மாசமா நீ நிஜக் காபியே குடிக்கலையா?

மனைவி: அது இப்போ முக்கியமா?

டிரைவர்: காபி இல்லேன்னா உனக்குத் தலைவலி மண்டையைப் பிளக்குமே.

மனைவி: பிளந்துச்சு.

டிரைவர்: ஏன் தலைவலின்னு கேட்டதுக்குக் கண்ணு மங்கிப் போச்சுன்னு சொன்னே. கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரும் கண்ணாடியை மாத்தினாரே.

மனைவி: இதைப் போட்டா தரை கொஞ்சம் மேல வந்த மாதிரி இருக்கு. பரவாயில்ல, பழகிடுச்சு.

டிரைவர்: உன்னை வச்சுக்கிட்டு... போச்சு. எல்லாம் வீணாப் போச்சு.

மனைவி: பொடியை மாத்தினதுக்குத் திட்டுவீங்கன்னு பார்த்தா, நான் குடிக்காததுக்குத் திட்டறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல.

டிரைவர்: புரியாமலே இருக்கட்டும். நர்ஸ்கிட்ட எதுவும் சொல்லாதே.

மனைவி: சொல்லாம எப்படி? குடிச்சவங்க கணக்குல உங்களைச் சேர்த்துடுவாங்க. நாளைக்கு யாரோ ஒரு டாக்டர் இன்னொருத்திகிட்ட, காபி நல்லதும்மா, தாராளமா கொடுன்னு சொல்லுவார். அவ வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆச்சுன்னா?

டிரைவர்: ஒண்ணும் ஆகாது. கணக்கு சரியாத்தான் இருக்கும்.

மனைவி: எப்படிங்க சரியா இருக்கும்?

டிரைவர்: எப்படியோ... இருக்கும். விடேன்.

நர்ஸ்: உள்ளே வந்து உட்காருங்க ரெண்டு பேரும். ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க? நல்ல செய்திதான். துடிப்பு ஒரு தடவைகூடத் தடம் மாறல. பஸ் ஓட்டலாம்னு டாக்டர் சொல்லிட்டார்.

டிரைவர்: அப்பாடா. ரொம்ப நன்றி சிஸ்டர். அப்போ நாங்க கிளம்பறோம்.

நர்ஸ்: எங்கே ஓடறீங்க? ஒரே ஒரு கேள்வி பாக்கி. காபி விஷயத்துல நாங்க சொன்னபடி நடந்துக்கிட்டீங்களா?

டிரைவர்: அப்படியே சிஸ்டர்.

மனைவி: இல்ல சிஸ்டர்.

டிரைவர்: அவளுக்குத் தெரியாது.

மனைவி: எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? காபி போட்டது நான். தினம் கொடுத்தேன் சிஸ்டர், ஆனா காஃபின் இல்லாத பொடி. தப்பு என்னோடது. அவரைத் திட்டாதீங்க.

நர்ஸ்: தினம் கொடுத்தீங்களா?

மனைவி: வெறும் வாசனைதான் சிஸ்டர்.

நர்ஸ்: அந்தப் பொடியைக்கூடத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருந்தோமே.

மனைவி: குடிக்கற பக்கத்துல இருக்கறவர் ஏன் தொடக் கூடாது?

நர்ஸ்: இவர் குடிக்காத பக்கம்மா.

மனைவி: நீங்க வேற யாரையோ நினைச்சுட்டுப் பேசறீங்க. இவர் பஸ் டிரைவர்.

நர்ஸ்: டிரைவர்தான். குலுக்கல்ல என்ன விழுந்ததுன்னு சொன்னதே நான்தான். கேட்டதும் இவருக்கு முகம் தொங்கிப் போச்சு. அது எப்படி மறக்கும்?

மனைவி: அப்போ பிளாஸ்க்?

டிரைவர்: டெப்போவுல என் கண்டக்டர் குடிச்சார். நான் ஒரு சொட்டுகூடத் தொடல சிஸ்டர். அவர்தான் பாவம், உங்க வீட்டுக் காபி குடிச்சும் கொட்டாவி நிக்க மாட்டேங்குதேன்னு பயந்துபோய் ரத்தமெல்லாம் டெஸ்ட் பண்ணிட்டு வந்துட்டார்.

நர்ஸ்: கொஞ்சம் இருங்க. குடிக்கக் கூடாதவர் குடிக்கறேன்னு சொல்லிட்டுக் குடிக்கல. இவங்க காபின்னு சொல்லிட்டுக் காபி கொடுக்கல. அப்போ... எங்க கணக்குல ஒண்ணுமே மாறல?

டிரைவர்: அதைத்தானே அப்போலேருந்து சொல்லிட்டிருக்கேன்.

மனைவி: அப்போ காபி நல்லதா கெட்டதா சிஸ்டர்?

நர்ஸ்: நிறையப் பேரைப் பார்த்தாத்தாம்மா தெரியும். ஒரு வீட்டை வச்சு எதுவும் சொல்ல முடியாது. அதுலயும் உங்க வீட்டை வச்சு...

மனைவி: சரி. என்கிட்ட ஏங்க மாத்திச் சொன்னீங்க?

டிரைவர்: உப்பைக் குறைன்னாங்க, நீயும் குறைச்சே. எனக்கு மாடிப்படி ஆகாதுன்னாங்க, நீயும் மூணாவது மாடியில இருக்கற உன் தோழி வீட்டுக்குப் போறதை நிறுத்தினே. காபியும் கூடாதுன்னு சொன்னா அதையும் விட்டுடுவே. காலையில நான் கிளம்பினதும் கப்பை எடுத்துக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் உட்காருவியே... அந்தக் கொஞ்ச நேரமாவது என் நெஞ்சை மறந்துட்டு நிம்மதியா இருக்கட்டும்னுதான்.

மனைவி: நான் அங்கே காபி குடிக்கவா உட்கார்ந்தேன்? நீங்க தள்ளாடாம தெருமுனை திரும்பறீங்களான்னு பார்த்துட்டிருந்தேன். கையில கப் இருந்தா, நீங்க திரும்பிப் பார்த்தாலும் காபி குடிக்கறதா நினைச்சுக்குவீங்கன்னுதான்...