ஆரணியின்ரை சாமத்தியவீட்டுக் கார்ட்

இல்லைத் தம்பி, பழுதெண்டு விக்கேல்லை. திறந்து பாருங்கோ, பிறீசர் எப்பிடிக் குளிருதெண்டு. மீன் மணமோ? ஓம், கொஞ்சம் இருக்கும். தேசிக்காய் போட்டுத்தான் கழுவினனான்.

மனுசி வாற மாசம் வாறாவோ? நல்லது. சென்னையோ? கதையிலை தெரியுது.

ஏன் விக்கிறனோ? இவரும் பிள்ளையும் லோறென்ஸ்கூக்கிலை இவற்றை தமக்கை வீட்டுக்குப் போகினம். நான் ஊருக்கு. சீச்சீ, லீவிலை இல்லை. இஞ்சத்தை அரசாங்கம் அனுப்புது.

ஒளிச்சென்ன, இஞ்சை நோர்வேயிலை, இந்த அம்மருட்டிலை தெரியாத தமிழ் ஆக்களில்லை. ஆரணிக்கு மூண்டு வயசிலை நானும் இவர் குலேந்திரனும் பிரிஞ்சனாங்கள். உண்மையான பிரிவுதான். இவர் ஹவுகெட்டோவிலை அறை எடுத்திருந்தவர். தனியப் பிள்ளை வளர்க்கிற தாயெண்டு அரசாங்கம் எனக்குக் காசு தந்தது. எட்டு மாசத்தாலை மனுசன் பெட்டியோடை வாசலிலை நிக்கிறார். என்ன செய்ய, உள்ளை விட்டன். அவர் வந்திட்டாரெண்டு அறிவிச்சிருக்கவேணும். அறிவிக்கேல்லை. காசு வந்துகொண்டே இருந்தது, ஒம்பது வருசமா.

பிறகு ஆரணி பெரியபிள்ளையானாள். அதுக்குச் சாமத்தியவீடு, உங்கடை ஆக்கள் மஞ்சள் நீராட்டு எண்டுவினம். கார்ட் யாழ்ப்பாணத்திலை அடிச்சு எடுப்பிச்சனாங்கள். கார்ட் குடுக்கேக்கை ஒருத்தரையும் விடக்கூடாதெல்லோ, விட்டால் சீவியகாலக் கோவம். அந்தக் காசு தாற அரசாங்கக் கந்தோரிலை என்ரை பைல் பாத்த நோர்வேக்காரி, தங்கமான மனுசி. அவவை விடலாமோ? நானே கொண்டுபோய்க் கையிலை குடுத்தன், ஒரு பெட்டி பயத்தம் பணியாரத்தோடை. ஒரு பக்கம் தமிழ், மற்றப் பக்கம் நோர்வேப் பாசை. திரு திருமதி குலேந்திரன், கீழை இந்த வீட்டு விலாசம்!

சிரியுங்கோ தம்பி, பரவாயில்லை. அவ அறிவிச்சதிலை பிழையில்லை, அவவின்ரை வேலை அது. பிழை என்னிலைதான்.

மறியல், உங்கடை பாசையிலை ஜெயில், முடிச்சிட்டன். ஆனால் என்னட்டை இன்னும் ஊர்ப் பாஸ்போட். ரெண்டு வேலைக்கு ஓடினனான், பிரசையாக மொழிச் சோதனை எடுக்க எங்கை நேரம்? இவர் நோர்வேப் பிரசை, அனுப்பேலாது. என்னை அனுப்பலாம். அப்பீலும் சரிவரேல்லை. அஞ்சு வருசத்துக்கு இஞ்சை கால் வைக்கேலாது. திரும்ப விட்டாலும் அப்ப அவளுக்குப் பதினெட்டும் தாண்டியிருக்கும். பிறகு தாய் என்னத்துக்கு?

உங்களுக்குக் கதவு திறந்தவள்தான் ஆரணி. சிரிச்சவளோ? என்னோடை கதைச்சு மூண்டு மாசம் தம்பி. அம்மா கள்ளியெண்டு நினைக்கிறாள்.

இவரோ? தனக்கொண்டும் தெரியாதெண்டு கோட்டிலை நீதிபதிக்கு முன்னாலை சொன்னார். ஓம், அவருக்குத் தெரியாதெண்டு நானும் சொன்னன்.

அறிவிக்கிற கடிதமோ? எழுதினனான், ஏன் எழுதேல்லை? இவர் வந்த கிழமையே எழுதி மேசையிலை வைச்சனான். ஒரு வீடு வாங்கிறமட்டும் பொறு எண்டு கிழிச்சது இவர்.

அதைச் சொல்லி? என்னை எப்பிடியும் அனுப்பத்தான் போறாங்கள். ரெண்டு பேரும் மறியலுக்குப் போனால் பிள்ளையை ஆர் பாக்கிறது? இனி அவள் தேப்பனோடைதானே இருக்கவேணும். அந்தாளையும் வெறுத்தால் ஆரட்டைப் போவாள்?

உஷ், மெல்லமாத் தம்பி. பக்கத்து அறையிலைதான் இருக்கிறாள்.