மஹாராணியின் கையெழுத்து

மேடையில் இருக்கும் யூனியன் செயலாளர் ராஜமணி அண்ணனுக்கும், கவுன்சிலர் அம்மாவுக்கும், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அஜிதாவைப் பெற்ற சரசம்மா அக்காவுக்கும், கடல் தாண்டி அயர்லாந்திலிருந்து போன் வழியாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவள் காலேஜ் ஐலீன் டீச்சருக்கும், ஒரு நாள் வேலையை விட்டு வந்திருக்கும் என் கூட்டாளிகளுக்கும் சுடலைமாடத்தியின் கும்பிடு.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். சாந்துச்சட்டி சுமக்கிறவள். நான் வாயைத் திறந்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயந்து, எழுதிவைத்து வாசி என்று ராஜமணி அண்ணன் சொல்லிவிட்டார். ரெண்டு நாள் எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறேன். தப்பு இருந்தால் அண்ணனைத் திட்டுங்கள்.

பின்னால் பேனரில் 'சமூக ஆராய்ச்சியாளர் செல்வி அஜிதா' என்று போட்டிருக்கிறது. கண்ணாடியும் கோட்டுமாக ஒரு படம். யார் இந்த ஆராய்ச்சியாளர்? பழவங்காடி முக்கில் காலை ஆறு மணி மழையில், என் சிமெண்டுச் சாக்குக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நின்ற பிள்ளை அல்லவா இவள்?

ஆறு வருஷம் ஆகிறது. வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்களுக்காக நாங்கள் அங்கே நிற்கும்போது, தோளில் பையோடு வந்து நின்றாள். தொழிலாளர்களுக்கான ஒரு சங்கத்திலிருந்து வருகிறேன் என்றாள். உன் கையைப் பார்த்தால் ரெண்டு செங்கல் தூக்கமாட்டாய், உன்னை எந்த மேஸ்திரி எடுப்பான் என்று நான் கேட்டேன். எல்லையோரப் பாறசாலைப் பிள்ளை. தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வரும். 'எக்கா, என்னை எடுக்கண்டாம், உங்க அடையாளக் கார்டை எடுத்துத் தாருங்க' என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தாள். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தது யார்? நலவாரிய ஆபீஸில் நாலு தரம் திருப்பி அனுப்பினாலும் ஐந்தாம் தரம் எங்களைக் கூட்டிப்போனது யார்? எங்கள் அஜிதா.

பிறகு வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறேன் என்றாள். சோஷியல் வொர்க்கில் ரிசர்ச் மாஸ்டர். அது என்ன படிப்பு என்று கேட்டேன். வகுப்பு கிடையாது, பரீட்சை கிடையாது, ரெண்டு வருஷம் ஒரே ஒரு புத்தகம் எழுதவேண்டும் என்றாள். வகுப்பும் பரீட்சையும் இல்லாத பள்ளிக்கூடம் இருப்பது தெரிந்திருந்தால் நானும் மூன்றாம் வகுப்பில் நின்றிருக்கமாட்டேன் என்று சொன்னேன். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தாள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். குளிரில் விரல் மடங்கவில்லை, எக்கா என்பாள். சட்டி சுமக்க வா, சூடாகிவிடும் என்பேன்.

அந்தப் புத்தகம் எதைப் பற்றி? நம்மைப் பற்றி. ஊர் விட்டு இங்கே மலையாள நாட்டுக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்களுக்கு, வேலையிடத்தில் அடிபட்டால் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி. அந்தப் புத்தகம் இப்போது பாதியில் நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

போன பிப்ரவரியில் ரெக்கார்டரோடு கரமனை ஆற்றோரத்தில் நாம் தங்குகிற ஷெட்டுக்கு வந்தாள். கேள்வி கேட்பதற்கு முன்னால், சம்மதம் என்று ஆளுக்கு நாலு பக்கக் காகிதத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். நம்மில் எத்தனை பேர் போட்டோம்? ஒருத்தரும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். காண்டிராக்டர் நீட்டின காகிதத்தில் கை வைத்துக் கெட்டுப்போனவர்கள் நாம். காகிதத்தைக் கண்டாலே கையைப் பின்னால் கட்டிக்கொள்வோம்.

அவள் கோபப்படவில்லை. வாயால் சொன்னால் போதும் என்று அனுமதி தாருங்கள் என அவள் காலேஜுக்கு எழுதினாள். படிக்கிற பிள்ளை கேட்கிற கேள்வியால் யாருக்கும் கெடுதல் வரக்கூடாது என்று பார்க்க அங்கே ஒரு கமிட்டி இருக்கிறதாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சாரத்தில் ஏறும்போது ஒரு கயிறு தர ஆள் இல்லை, நமக்காகக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு கமிட்டியா? அனுமதி வர ரெண்டரை மாசம் ஆயிற்று. ஏப்ரலில் திரும்ப வேண்டியவள் ஜூன் வரைக்கும் நின்றாள்.

புத்தகத்தில் நம் பேர் வராது, ஆளுக்கு ஒரு வேறு பேர் சொல்லுங்கள் என்றாள். நான் 'மஹாராணி' என்றேன். ஷெட்டே சிரித்தது. அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். அன்றிலிருந்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தாலும் 'மஹாராணி சாப்பிட்டாச்சா' என்றுதான் கேட்பாள்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டாள். வேலையிடத்தில் யாராவது விழுந்து பார்த்திருக்கிறீர்களா?

மேஸ்திரியின் லுங்கி விழுந்து பார்த்திருக்கிறேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு ரெக்கார்டரை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்து, மெதுவாக, 'எக்கா, இன்னைக்கு வேண்டாம். எப்ப தோணுதோ அப்ப சொன்னா போதும். சொல்லேலன்னாலும் மதி' என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது. ஷெட்டில் எல்லாருக்கும் தெரியுமே. நோட்டில் எனக்கான பக்கத்தை வெறுமையாக விட்டுவைத்தாள்.

ஜூனில் ஆற்றுத் தண்ணீர் ஷெட்டுக்குள் வந்தது. முழங்கால் தண்ணீரில் மாத்திரை அட்டையோடு வந்தாள். எலிப்பனி, அதுதான் எலிக்காய்ச்சல், வராமல் இருக்க ஆளுக்கு ரெண்டு. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, விழுங்கினோமா என்று ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். நான் கன்னத்தில் ஒதுக்கி வைத்து விளையாடினேன். என்னைக் கிள்ளினாள். அவள் விழுங்கினாளா? நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

அதே காய்ச்சலோடு பதினோரு நாள் மெடிக்கல் காலேஜில் கிடந்தாள். சர்ச்சுக்குப் போகிற பிள்ளைக்கு நாங்கள் பழவங்காடிப் பிள்ளையாரிடம் நூற்றியொரு தேங்காய் உடைத்தோம். எழுந்து வந்து கேலி செய்வாள் என்று காத்திருந்தோம். வரவில்லை.

சரசம்மா அக்கா, உங்கள் முன்னால் இதைச் சொல்லாமல் நான் இறங்கக்கூடாது. நாங்கள் பிப்ரவரியிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் உங்கள் மகள் ஏப்ரலில் விமானம் ஏறியிருப்பாள். அந்தத் தண்ணீரில் அவள் கால் பட்டிருக்காது. இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானேதான் சொல்லிக்கொள்கிறேன். நேற்று உங்கள் வீட்டில் இதைச் சொன்னபோது நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அவ நிக்கணும்னு நெனச்சு நின்னா' என்றீர்கள். அதற்குப் பிறகும் எனக்கு ஆறவில்லை.

அவளோடு சங்கத்தில் வேலை பார்த்த சிஜியிடம் ஐலீன் டீச்சர் ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். இன்னும் ஒன்பது பேர் பேசினால், புத்தகத்தில் மீதி நிற்கிற அத்தியாயத்தைச் சிஜி முடித்துக் கொடுத்தால், அஜிதா பேரிலேயே பட்டம் கிடைக்க வழி இருக்கிறதாம். ஒன்பது பேர். இந்த ஹாலில் எத்தனை தலை இருக்கிறது? வருகிற ஞாயிறு ஒருத்தரும் ஊருக்குப் போகக்கூடாது. ஷெட்டில் இருக்கவேண்டும். இது யூனியன் உத்தரவு இல்லை, என் உத்தரவு. மஹாராணி உத்தரவு.

முதல் ஆள் நான். ஞாயிறு வரைக்கும் காத்திருக்கமாட்டேன். சிஜி, அந்த ரெக்கார்டரைப் போடு.

வேலையிடத்தில் யாராவது விழுந்து பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருக்கிறேன். என் தம்பி இசக்கிப்பாண்டி. மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். கம்பெல்லாம் மழையில் நனைந்திருந்தது. இடுப்புக்குக் கயிறு கேட்டான், பிறகு பார்க்கலாம் என்றார்கள். நான் கீழே சாந்து குழைத்துக்கொண்டிருந்தேன். அவன் ரூம் குளியலறையில் வழுக்கி விழவில்லை. வழுக்கி விழுந்தான் என்று எழுதின காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான். போட்டால்தான் உடம்பை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வரும் என்றார்கள். ஏழு வருஷம் இதை யாரும் கேட்காமல் இருக்கத்தான் ஊரையே சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்.

வாயால் சொன்னாலே போதும் என்று அனுமதி வந்தாயிற்று. ஆனாலும் அந்த நாலு பக்கக் காகிதத்தைச் சிஜியிடம் வாங்கினேன். தம்பி செத்த அன்றைக்கு வாசிக்காமல் போட்டேன். இதை முழுசாக எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டேன். புத்தகத்தில் என் பேர் மஹாராணி என்றே இருக்கட்டும், அது அவள் எழுதின பேர். என் தம்பி பேரை மட்டும் மாற்றக்கூடாது. கமிட்டி சம்மதிக்குமா என்று ஐலீன் டீச்சர் கேட்டுச் சொல்லவேண்டும்.

சரசம்மா அக்கா, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து போடுகிறேன், கொஞ்சம் தள்ளி இடம் கொடுங்கள். பேனாவைக் கொண்டா, சிஜி. என் பேர் நீளம், மெதுவாகத்தான் வரும். எல்லாரும் பொறுத்துக்கொள்ளுங்கள்.