தலையாட்டாத கமரா

வவுனியாவில் தங்கியிருக்க இராணுவம் தரும் பாஸைப் புதுப்பிக்க வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் பல்கலைக்கழக வளாக மாணவிகள் இருவர் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வளாக வாசலில் ஆமிக்காரர் அந்த வாரம் திங்கட்கிழமைதான் வீடியோக் கமரா ஒன்றைப் பூட்டியிருந்தார்கள்.

“எனக்கெண்டா கமரா பரவாயில்லை. அது தலையாட்டாது” என்றாள் உயரமானவள். சுற்றிவளைப்பில் ஆள்காட்ட நிறுத்திய முகமூடிக்காரன் ஒருவன் தலையாட்டியதால்தான் அவளுடைய அப்பாவைக் கொண்டுபோனார்களாம்.

“விசர்க்கதை கதையாதை. அந்தப் படத்தை முகமூடிக்காரனுக்குத்தான் போட்டுக் காட்டுவாங்கள். நாங்கள் ஆரோட நிண்டனாங்கள் எண்டு எல்லாம் அதில கிடக்கும்” என்றாள் மற்றவள்.

உயரமானவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“செவ்வாய்க்கிழமை அண்ணா என்னைப் பாக்க வாசலுக்கு வந்தவர். இயக்கப் பக்கம், முரசுமோட்டையில இருந்து காட்டுப் பாதையால வந்தவர், பாஸ் இல்லை. சென்ரியில காவலுக்கு நிண்டவன் ஆரெண்டு கேக்க, தெரியாத ஆள் எண்டு சொல்லிப்போட்டன். அண்ணாவும் பேசாமல் திரும்பிப் போயிட்டார்.”

“நல்லதாப் போச்சு. பிறகேன் பயப்பிடுறாய்?”

“கமராவில சத்தமும் பதியுமே?”

“பதியும். ஏன்?”

“அவர் றோட்டைக் கடக்கேக்க லொறி ஒண்டு வந்தது. அண்ணா எண்டு கத்திப்போட்டன்.”